சத்திய சோதனையில் மாணவ வாழ்வு

ஓதற்குப் பிரியும் தலைவன் 3 யாண்டின் எல்லையைக் கடத்தல் ஆகாது என்பது தொல்காப்பியக் கற்பியலின் வரையறை. சென்றவிடத்து அவன் எவரோடு உண்டான், எவரோடு உரையாடினான் என்பன அகத்திணை மரபிற் பேசப்படுவன அல்ல. அவற்றைப் பேசுவன தன்வரலாற்று நூல்கள். அவற்றுள் காந்தியடிகளின் 'சத்திய சோதனை' தலையாயது. மனைவியையும் மகவையும் ஊரில் விட்டு 1888 செப்டம்பரில் கப்பலேறிய அடிகள், பாரிஸ்டர் ஆகி 1891 சூனில் இலண்டனை விட்டுப் புறப்பட்டார். தொல்காப்பியர் வகுத்த எல்லை கடக்கப்படவில்லை!

இந்நூலின் இலண்டன் பகுதியைப் பயில்வோர், தாய்க்கு அளித்த உறுதியை அடிகள் காத்த திறத்தையே எடுத்துப் போற்றுவர். அது தக்கதே. ஆயினும், அயல்நாட்டு மாணவனும் உள்நாட்டு மாணவரும் எதிர்ப்படும் இடம் யாது என வினவின், விடை ஓர் உணவு மேசையிற் கிடைக்கின்றது. 'இன்னர் டெம்பிள்' என்னும் சட்டப் பயிலகத்தில் 12 பருவங்கள் நிறைதல் வேண்டும். பருவந்தோறும் ஏறத்தாழ 24 விருந்துகளுள் 6 விருந்துகளிலேனும் அமர்தல் வேண்டும். நால்வர்க்கு 2 புட்டி மது வழங்கப்படும். மது அருந்தாத அடிகளைத் தம்மோடு அமர்த்திக்கொள்ளப் பிறர் விரும்பி அழைத்தனர். மூவர்க்கு 2 புட்டியும் வாய்க்குமன்றோ?

இதனை நகைச்சுவை எனக் கொண்டு கடந்து போவார் பலர். யாம் அவ்வாறு கருதுகிலேம். அங்கு விரும்பப்பட்டது அவரது பங்கேயன்றி அவரல்லர். உடன் அமர்ந்தோர்க்கு நூலிற் பெயரில்லை. அவர் உரைத்த சொல் ஒன்றும் பதிவாகவில்லை. ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவற்றையும் தொடக்கத்தில் உண்ணாதிருந்த அடிகள், நாளடைவில் அவற்றிற் சுவைகண்டார். பின்னர் மூத்தோர்க்குப் பரிமாறப்படும் மரக்கறி உணவைத் தமக்கும் வேண்டி விண்ணப்பித்துப் பெற்றார். அதிற் சேர்ந்து நின்றவராகக் கூறப்படுபவர் ஒரு பார்சி மாணவர். ஆங்கில மாணவர் எவரும் அல்லர்.

இவ்வரலாறு 1925இல் வெளிவரத் தொடங்கியது. இடையே 30 யாண்டிற்கு மேற் கழிந்தமையால் பெயர்கள் மறந்திருக்கலாம் என்பர். அத்தடை நிற்பதன்று. மரக்கறி உணவினர் சங்கத்தைப் பற்றிய இயல்களில் ஹில்ஸ், அல்லின்சன், ஓல்டுபீல்டு என ஆங்கிலப் பெயர்கள் தடையின்றி வருகின்றன. அங்கு அவர் விருந்தினர் அல்லர், செயற்குழு உறுப்பினர். அல்லின்சனை நீக்க ஹில்ஸ் முனைந்தபோது மாற்றுக் கருத்தை எழுதிக் கொண்டுசென்றார். எழுந்து படிக்க நாணினார். தலைவர் பிறரொருவரைக் கொண்டு படிப்பித்தார். அல்லின்சன் தோற்றார். அத்தோல்வியை எழுதுமிடத்து அடிகளின் நடையிற் காணும் நெருக்கம் விருந்து மேசையைப் பற்றிய பகுதியில் இல்லை.