கோத்தாரின் மகிழ்ச்சி

கொள்ளைநோய் மக்கள் மனத்தை என்ன செய்கிறது என்பதை, 1947இல் வெளியான ‘கொள்ளைநோய்’ நாவலில் அல்பேர் கமு நுணுகி ஆராய்ந்தார். ஓரான் நகரின் வாயில்கள் அடைபட்டதும் முதலிற் பிரிவுத் துயர், பின்னர் பீதி, இறுதியில் மரத்துப்போன மனம். 2020இல் மரண எண்ணிக்கையை வானிலை அறிக்கைபோற் கேட்டிருந்த நமக்கு இது புதிதன்று.

நாவலின் தலைசிறந்த பாத்திரம் கோத்தார். கைதுக்கு அஞ்சித் தூக்கிட முயன்ற அவன், நோய் பரவியதும் உற்சாகம் பெறுகிறான். அவனுடைய தனி அச்சம் ஊரார் அனைவரதும் அச்சமாகிவிட்டதல்லவா! கள்ளச் சந்தையிலும் பொருளீட்டுகிறான். நோய் நீங்கி நகரம் கொண்டாடுகையில் தெருவை நோக்கிச் சுடுகிறான். நோய் அவனுக்கு அளித்த தோழமையை நலம் பறித்துவிட்டது. இந்த அவதானம் ஒன்றே கமுவின் மேதைமைக்குப் போதிய சான்று.

ஆனால், இங்கே ‘மக்கள்’ எனப்படுவோர் யாவர்? பத்திரிகையாளன் ராம்பேர் ஓரானுக்கு வந்ததே அராபியரின் வாழ்க்கை நிலையை எழுதத்தான். அவ்விடயம் தொடக்கத்திலேயே நழுவவிடப்படுகிறது. பின்னர் பெயர்பெற்ற அராபியப் பாத்திரம் ஒன்றுகூட வருவதில்லை. அல்ஜீரியாவோ அன்று பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. விலையேற்றத்தால் வறியோர் வாட, செல்வருக்குக் குறைவேதும் இல்லாமையை ஆசிரியர் குறிப்பிடத் தவறவில்லை. அவ்வறியோரின் மனத்துள் மட்டும் அவர் நுழையவில்லை.

1955இல் ரோலான் பார்த் இந்நாவல் வரலாற்றைத் தவிர்க்கிறதெனக் குறைகூற, நாசிசத்துக்கு எதிரான ஐரோப்பியப் போராட்டமே இதன் வெளிப்படையான பொருள் என்று கமு விடையிறுத்தார். அந்த விடையிலும் ஐரோப்பாதான் இருக்கிறது. ஓரானின் அராபியத் தாய் ஒருத்தி அம்மாதங்களில் எதற்கு அஞ்சினாள் — நோய்க்கா, பசிக்கா, வாயிலில் நின்ற காவலனுக்கா — என்பதை இந்நாவலிலிருந்து நாம் அறிய வழியில்லை.