போப்பாண்டவரா, திருத்தந்தையா?

2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் மறைந்த செய்தி பரவியபோது, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களிடையே அவருக்குப் பல பெயர்கள் வழங்கின. பொதுச் செய்திகளில் போப், போப்பாண்டவர். தமிழ்த் திருப்பலியில் திருத்தந்தை. இலங்கைச் செய்திகளைப் படிக்கும் குடும்பங்களில் பாப்பரசர். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பல சமயத்தார் கலந்து வாழும் இடத்தில், ஒரு சமயத் தலைவரை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதை வைத்துத்தான் பக்கத்து வீட்டார் அந்தச் சமயத்தைப் புரிந்துகொள்கிறார்கள்.

பாப்பரசர் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் சொல். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அந்த மண்ணோடு பழைய உறவுள்ள இடம். இரயில்வே உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தார் அங்கே குடியேறினார்கள். பாப்பரசரில் வரும் அரசர் என்பதில் வரலாற்று உண்மை உண்டு. இத்தாலியின் நடுப்பகுதியில் 1870 வரை போப்புகள் ஆட்சி செய்தார்கள். 1929-க்குப் பிறகு வத்திக்கான் தனி அரசு. ஆனால் ஆறாம் பவுல் 1964-இல் தம் மணிமுடியைக் கழற்றிப் பீடத்தில் வைத்துவிட்டார். அவருக்குப் பின் எவரும் முடிசூடவில்லை. பதவியே இறக்கி வைத்த கிரீடத்தைச் சொல் இன்னும் சுமக்கிறது.

போப்பாண்டவர்தான் சிக்கலான சொல். இதைத் தவறு என்று ஒரே வரியில் தள்ளுவது நியாயமல்ல. தமிழில் ஆண்டவர் கடவுளுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பழனியில் முருகன் ஆண்டவர். நாகூரில் அடங்கியிருக்கும் இறைநேசர் ஷாகுல் ஹமீதும் நாகூர் ஆண்டவர். பத்துமலைக்குக் காவடி எடுக்கும் ஒருவர் போப்பாண்டவர் என்று படித்தால், மதிப்புக்குரிய பெரியவர் என்று உடனே விளங்கிக்கொள்வார். மூன்று சமயத்தாருக்கும் பொதுவான பக்தித் தமிழ் இது. அந்த அருமை எனக்குத் தெரியும்.

ஆனாலும் இந்தச் சொல்லை விடவேண்டும் என்பதே என் கருத்து. திருப்பலியில் ஆண்டவர் என்று வரும் இடங்களையெல்லாம் கவனித்தால், அது இறைவனையே குறிக்கும். அதே திருப்பலியில் போப்பின் பெயரைச் சொல்லி அவருக்காக மன்றாடுகிறார்கள். ஆண்டவரிடம் இன்னொரு ஆண்டவருக்காக வேண்டுவதா? பிரிக்பீல்ட்ஸில் மெதடிஸ்ட், லூத்தரன் தமிழ்ச் சபைகளும் இருக்கின்றன. ஆண்டவர் என்றால் இயேசு மட்டுமே என்று வளர்ந்தவர்கள் அவர்கள். கத்தோலிக்கர் போப்பை வணங்குகிறார்கள் என்ற பழைய தப்பெண்ணத்துக்கு இந்தச் சொல் தீனி போடுகிறது.

திருத்தந்தை அந்தப் பழியிலிருந்து விலகி நிற்கிறது. போப் என்பதன் மூலமான பாப்பா என்ற இலத்தீன் சொல் குழந்தை தகப்பனை அழைக்கும் சொல். அந்த உறவைத் தமிழில் காப்பாற்றியது இதுதான். குறையும் உண்டு. பங்குச் சாமியார் அருட்தந்தை, உரோமையில் இருப்பவர் திருத்தந்தை. வெளியார் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே படும். அதோடு இது விசுவாசியின் சொல். எல்லோருக்குமான நாளிதழ் அதை எழுதியாகவேண்டும் என்று கோயில் எதிர்பார்க்கக்கூடாது. செய்திக்குப் போப் போதும். ‘போப் கூறினார்’ என்னும்போது வினைமுற்றே மரியாதையைக் கொடுத்துவிடுகிறது. கிள்ளான் லூர்து மாதா கோயிலிலோ பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா மாதா கோயிலிலோ ஒரு பாட்டி போப்பாண்டவர் என்று சொன்னால் திருத்தப் போகவேண்டாம். திருத்தவேண்டியது அச்சில் வருவதை. மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை.

சொற்களைத் தூய்மைப்படுத்தியபோது நாம் இழந்ததும் உண்டு. இரண்டாம் யோவான் பவுலை முன்பு இரண்டாம் அருள் சின்னப்பர் என்றே எழுதினார்கள். அருளப்பர், சின்னப்பர், இராயப்பர் என்று நம் குடும்பங்களில் புழங்கிய பெயர்கள் போப்புகளுக்கும் இருந்தன. லியோ நமக்குச் சிங்கராயர். 2025 மே 8 அன்று தேர்வான பதினான்காம் லியோ, தொழிலாளர் உரிமைக்காக 1891-இல் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்தே அந்தப் பெயரை எடுத்ததாகச் சொன்னார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது நெருக்கமான செய்தி. நற்செய்தி வாசகங்களில் யோவான் நிலைத்துவிட்ட பிறகு அருளப்பர் திரும்பி வரமாட்டார். ஆனால் மறையுரையில் லியோவின் பெயர் வரும்போது, அவர்தான் நம் சிங்கராயர் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.