ரெகன்ஸ்டைனில் தாது வருஷம்

சரித்திரத்தில் ருசியுள்ள யாரைப் பார்த்தாலும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரெகன்ஸ்டைன் நூலகத்துக்குள் விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது எனக்கு. புத்தகம் படிக்க வசதியான இடங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. நாம் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்விக்கும் பதிலை எடுத்து நீட்டுகிற இடம் அபூர்வம். இது அப்படிப்பட்ட இடம்.

நான் தேடிப் போனது தாது வருஷப் பஞ்சத்தை. 1876-இல் மழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் சூறையாடிய பஞ்சம். நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சில் ‘தாது வருஷம்’ என்ற இரண்டு சொல்லாக மட்டும் மிச்சமிருந்த அந்தக் காலத்தின் ஆவணங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ரெகன்ஸ்டைன் 1970-இல் திறக்கப்பட்டது. மொத்தம் ஏழு தளம். அதில் இரண்டு தரைக்குக் கீழே. பல்கலைக்கழகத்தின் பழைய விளையாட்டு மைதானம் இருந்த இடம் அது. 1942 டிசம்பர் 2-ஆம் தேதி என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான். இந்த வரலாறெல்லாம் வாசலோடு சரி. உள்ளே போனதும் என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று: அடுக்குகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன! சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நாமே அலமாரிக்கு நடுவே நடந்து போகலாம், எடுக்கலாம், புரட்டலாம், அங்கேயே தரையில் உட்கார்ந்தும் விடலாம்.

இதன் அருமை அடுக்கின் முன்னால் நிற்கும்போதுதான் தெரியும். வில்லியம் டிக்பியின் தென்னிந்தியப் பஞ்ச வரலாற்றைத் தேடித்தான் முதலில் போனேன். டிக்பி அப்போது ‘மெட்ராஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர். பஞ்ச நிவாரண நிதிக் குழுவின் செயலாளராகவும் உழைத்தவர். பஞ்சம் தணிந்த கையோடு, 1878-இலேயே, இரண்டு தடித்த தொகுதிகளாகப் புத்தகத்தைக் கொண்டு வந்துவிட்டார். அந்தத் தொகுதிகளை உருவியபோது, பக்கத்திலேயே வேறு மாகாணங்களின் பஞ்ச அறிக்கைகள், நிவாரணச் சட்டங்கள், பிற்காலத்து ஆய்வுகள். பெயர்கூடக் கேள்விப்படாதவற்றை எப்படித் தேடியிருப்பேன்? யாரோ ஒரு நூலகர் எப்போதோ ஓர் எண் போட்டு அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தக் கைக்கு ஒரு கும்பிடு!

அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதையும் இந்த நூலகம்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. ஒரு பஞ்சம் ஒரே அலமாரிக்குள் அடங்குவதில்லை. நூலக வகைப்பாட்டு முறைப்படி, பொருளாதார வரலாறு எச்.சி. என்று தொடங்கும் எண்களில் இருக்கிறது. காலராவும் பெரியம்மையும் எத்தனை பேரைக் கொண்டு போயின என்ற சுகாதார அறிக்கைகளைப் பொதுச் சுகாதாரத்துக்கான ஆர்.ஏ.-யில் தேட வேண்டும். மாவட்டச் சரித்திரம் டி.எஸ்.-இல். பஞ்சத்தைப் பாடிய தமிழ்ப் புலவர்களுக்கோ பி.எல். அதிகாரி எழுதியது ஓர் அடுக்கில், மருத்துவர் எழுதியது இன்னொன்றில், புலவர் பாடியது வேறொன்றில். மாடிப்படி ஏறி இறங்கும்போதே அந்தக் காலம் நாலா பக்கத்திலிருந்தும் நமக்குள் சேர்ந்துகொண்டே வருகிறது. கணினித் திரையில் மட்டும் தேடுகிறவருக்கு இந்தச் சுகம் கிடைக்கவே கிடைக்காது என்பேன்.

அடிக்குறிப்புகளைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். டிக்பியின் புத்தகத்தில் ரிச்சர்ட் டெம்பிளுக்கும் டாக்டர் கார்னிஷுக்கும் நடந்த சண்டை விரிவாக இருக்கிறது. டெம்பிள், அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு அனுப்பிய தூதர். நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்றால் ஏறக்குறைய 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும்! சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிரைத் தாங்காது என்று எழுத்தில் சீறினார். யார் இந்த மனிதர், எந்த ஆதாரத்தை வைத்து இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்று பின்தொடர்ந்தால், 1863-இலேயே சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி அறிக்கை போட்டவர் அவர்! 1871-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையும் அவர் கைவண்ணம்தான். எத்தனை பேர் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்ற இரண்டையும் எண்ணி வைத்திருந்த ஒரே ஆள், பஞ்சம் வந்தபோது அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். கோபத்துக்குப் பின்னால் பதின்மூன்று வருஷத்துக் கணக்கு இருந்தது என்று தெரிந்த நொடியில் எனக்கு மெய் சிலிர்த்தது. எந்தப் பாடப்புத்தகமும் இதை எனக்குச் சொன்னதில்லை. ஒரு அடிக்குறிப்பு இன்னொரு அறிக்கைக்கும், அந்த அறிக்கை மூன்றாவது தளத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னது.

அங்கிருந்து 1880-இல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை. அதிலிருந்து லெ ஃபானுவின் 1883-ஆம் வருஷத்துச் சேலம் மாவட்டக் கையேடு. 1871-க்கும் 1881-க்கும் நடுவே சேலத்தில் ஜனத்தொகை ஏறுவதற்குப் பதில் இறங்கியிருக்கிறது. இரண்டு கணக்கெடுப்புகளையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து அந்தப் பள்ளத்தைப் பார்க்க முடிவது எப்பேர்ப்பட்ட விஷயம்! ஊர் ஊராக அலைந்து சேர்க்க வேண்டியவை எல்லாம் ஒரு மேசையில்.

தென்னாசியப் பகுதிக்குப் பொறுப்பான நூலகர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாவம் செய்ததாகிவிடும். அவர்களிடம் ‘இந்தப் புத்தகம் இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். உங்கள் கேள்வியையே சொல்லுங்கள். பஞ்ச காலத்துக் கடிதப் போக்குவரத்து வேண்டும் என்றேன். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீலப் புத்தகங்களில் அது அச்சாகியிருக்கிறது, லண்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று வழி காட்டினார்கள். தமிழ்ப் புத்தகம் தேட ஒரு சூட்சுமமும் சொல்லித் தந்தார்கள். பட்டியலில் தலைப்புகளை ரோமன் எழுத்தில், எழுத்துக்கு எழுத்து என்ற முறையில் பதிந்திருப்பார்கள். ‘பஞ்சம்’ வேண்டுமென்றால் நம் காதுக்குக் கேட்கிறபடி ‘ஜே’ போடக் கூடாது, ‘சி’ போட வேண்டும். அது தெரிந்த பிறகு கதவுகள் படபடவென்று திறந்தன.

இவ்வளவு தமிழ்ப் புத்தகம் மிச்சிகன் ஏரிக்கரைக்கு எப்படி வந்தது என்பதுதான் என்னை உலுக்கிய கதை. 1954-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று, பி.எல். 480. அதன்படி அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை கொடுத்து, விலையை ரூபாயாக வாங்கிக்கொண்டது. அந்த ரூபாய் இந்தியாவிலேயே குவிந்தது. 1958-இல் சட்டத்தைத் திருத்தி, அதில் ஒரு பங்கைப் புத்தகம் வாங்கச் செலவிடலாம் என்றார்கள். 1962-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் வேலையைத் தொடங்கியது. தமிழ், வங்காளம், உருது என்று பேதம் பார்க்காமல், நாவல், சமையல் புத்தகம், தல புராணம் எல்லாம் வாங்கிச் சிகாகோ உள்ளிட்ட பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கப்பலேற்றினார்கள். நம் பசிக்கு வந்த தானியத்தின் விலை புத்தகமாக மாறி, இந்த அடுக்குகளில் ஏறியிருக்கிறது. அவற்றின் நடுவே நின்று பஞ்சத்தைப் படிக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

இதே பல்கலைக்கழகத்தில்தான் 1962-இல் ஒரு சனிக்கிழமை, அப்போதிருந்த ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறை அடுக்குகளில், பழந்தமிழ் இலக்கணம் தேடி வந்த ஏ.கே. ராமானுஜன் கையில் உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. 1967-இல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து, சங்கப் பாடல்கள் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுக்குகள் மூடியிருந்து, இலக்கணத்துக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால்? நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ரெகன்ஸ்டைனுக்குப் பக்கத்திலேயே 2011-இல் திறந்த மன்சூட்டோ நூலகம், கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே. புத்தகமெல்லாம் நிலத்துக்குக் கீழே ஐம்பது அடி ஆழம் வரை. கேட்டால் ஐந்தாறு நிமிஷத்தில் இயந்திரக் கரம் எடுத்து வந்துவிடும். வேகம் அபாரம். இருந்தாலும் என் ஓட்டு திறந்த அடுக்குக்குத்தான்.

சிகாகோ தூரமாயிற்றே என்று மலைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் எல்லாரும் புரட்டும்படி வைத்திருப்பது இந்தப் பல்கலைக்கழகம்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏராளமான நூல்களையும் இதழ்களையும், அவர் 1992-இல் மறைந்த பிறகு வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக நிறுவியதும் இவர்களே. வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ போன்ற பஞ்சப் பாட்டுகளில் மனம் போகிறவர்கள் தரமணியில் அந்த நூலகத்தின் கதவைத் தட்டிப் பாருங்கள்.

எனக்கு இப்போது அடுத்த நூல் முனை கிடைத்துவிட்டது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது தென் மாவட்டத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போயிருக்கிறார்கள். டிக்பியும் சென்னைக்கு வருவதற்கு முன் இலங்கையில் பத்திரிகை வேலை பார்த்தவர். அவர் அங்கே என்ன பார்த்தார், என்ன எழுதினார்? இலங்கை வரலாற்றுக்கும் டி.எஸ்.-தான், இந்தியாவுக்குச் சில அலமாரிகள் தள்ளி.