பழி கடைசி இரவுக்கு மட்டுமா?

2011 செப்டம்பர் 28 இரவைப் பற்றி அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் இன்னும் பேசி ஓயவில்லை. 162 ஆட்டங்கள் கொண்ட லீக் சுற்றின் கடைசி நாள் அது. பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளில் சிறந்த ஒன்றுக்குத் தரப்படும் வைல்ட் கார்டு இடம் இரண்டு லீகிலும் முடிவாகவில்லை. அமெரிக்கன் லீகில் பாஸ்டன் ரெட் சாக்ஸும் டாம்பா பே ரேஸும் தலா 90 வெற்றி. நேஷனல் லீகில் அட்லாண்டா பிரேவ்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் தலா 89.

பால்டிமோரில் பாஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது மழை வந்தது. ஆட்டம் 86 நிமிடம் நின்றது. வீரர்கள் உள்ளே ஒதுங்கியபோது டாம்பா பே பகுதியில் யாங்கீஸ் 7-0 என்று ரேஸை நசுக்கிக்கொண்டிருந்தது. பாஸ்டன் அடுத்த சுற்றுக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று தோன்றிய நேரம்.

எட்டாவது இன்னிங்ஸில் ரேஸ் ஆறு ரன் எடுத்தது. அதில் மூன்று, இவான் லோங்கோரியாவின் ஹோம் ரன்னில் வந்தவை. ஒன்பதாவதில் இரண்டு அவுட், இரண்டு ஸ்டிரைக். இன்னும் ஒரு ஸ்டிரைக் விழுந்தால் கதை முடிந்தது. மாற்று ஆட்டக்காரராக நின்றவர் டான் ஜான்சன். அன்று காலை அவருடைய பேட்டிங் சராசரி .108. அந்த ஆள் வலது மூலைக் கம்பத்தை ஒட்டிப் பந்தை வெளியே அனுப்பினார். 7-7.

பால்டிமோரிலும் ஒன்பதாவது இன்னிங்ஸ்தான். பாஸ்டனின் ஜோனதன் பேப்பல்பான் முதல் இருவரையும் ஸ்டிரைக் அவுட் ஆக்கிவிட்டார். எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலை பெற்ற எந்த ஆட்டத்திலும் அந்த ஆண்டு பாஸ்டன் தோற்றதில்லை. கிறிஸ் டேவிஸ் டபுள், நோலன் ரெய்மோல்ட் டபுள், ஆட்டம் சமன். அடுத்து ராபர்ட் ஆண்டினோ இடப்பக்கம் தட்டிய பந்தைக் கார்ல் கிராஃபோர்டு சறுக்கிப் பிடிக்கப் பார்த்தார், கையுறையில் தங்கவில்லை. மணி 12:02. பிரிவின் கடைசி இடத்து அணியிடம் பாஸ்டன் தோற்றது. மூன்று நிமிடம் கழித்து, 12:05க்கு, லோங்கோரியா இடது மூலையின் தாழ்வான சுவரைத் தாண்டி அடித்தார். ரேஸ் 8-7. கிராஃபோர்டு முன்பு டாம்பாவில் ஆடியவர். அவர் எம்பிப் பிடிக்க வசதியாகத்தான் அந்தச் சுவரைத் தாழ்த்தினார்கள் என்று சொல்வார்கள். இப்படி ஒரு திருப்பத்தைச் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

பேப்பல்பானையும் கிராஃபோர்டையும் திட்டித் தீர்த்தது பாஸ்டன். எனக்கு அதில் உடன்பாடில்லை. செப்டம்பர் 3 அன்று ரேஸைவிட ஒன்பது ஆட்டம் முன்னால் நின்ற அணி அது. அந்த மாதம் 7 வெற்றி, 20 தோல்வி. தொடர்ந்து இரண்டு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 7.08 ரன் கொடுத்தார்கள். அவர்களில் சிலர் ஆட்டம் நடக்கும்போதே உள்ளறையில் பீரும் பொரித்த கோழியுமாக இருந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. கோழி நல்ல தலைப்பு. பாஸ்டனைக் கவிழ்த்தது அந்த 7.08. அதற்கும் முன்னால், சீசனின் முதல் ஆறு ஆட்டங்களையும் தோற்றிருந்தார்கள். ஏப்ரல் தோல்விக்கும் செப்டம்பர் தோல்விக்கும் அட்டவணையில் ஒரே எடைதான். இன்னும் ஒரு வெற்றி இருந்திருந்தால் ரேஸோடு சமன் செய்து மறுநாள் தனி ஆட்டம் ஆடியிருக்கலாம்.

அட்லாண்டாவின் கதையும் இதே ஜாதி. ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-2 முன்னிலையைக் காக்க வந்த கிரெய்க் கிம்ப்ரெல் ஸ்டிரைக் போடவே திணறினார். பிலடெல்பியா சமன் செய்து 13ஆவது இன்னிங்ஸில் 4-3 என்று வென்றது. அந்த ஆண்டு 46 ஆட்டங்களை முடித்துக்கொடுத்துப் புதுமுகச் சாதனை படைத்தவர் கிம்ப்ரெல். அவர் இறங்கிய ஆட்டங்கள் 79, அவருக்கு முன் வீசும் ஜானி வென்டர்ஸ் 85. தொடக்க பிட்சர்கள் ஹான்சனும் ஜர்ஜென்ஸும் காயத்தில் படுத்ததால் பின்வரிசை மேல் பாரம் கூடியது. மாதம் முழுக்கத் தேய்ந்த கை கடைசி நாளில் ஏன் விடும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஹூஸ்டனில் கிறிஸ் கார்பென்டர் இரண்டே ஹிட் கொடுத்து முழு ஆட்டத்தையும் தானே வீசிக் கார்டினல்ஸை 8-0 என்று உள்ளே கொண்டுபோய்விட்டார்.

பிலடெல்பியாவுக்கு அன்று வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான். பிரிவை எப்போதோ கைப்பற்றியிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் ஆடி, கார்டினல்ஸுக்குக் கதவைத் திறந்தது. அதே கார்டினல்ஸ் அடுத்த சுற்றில் பிலடெல்பியாவை வெளியேற்றி, உலகத் தொடரையும் வென்றது. டாம்பாவின் ஓட்டம் டெக்சஸிடம் சீக்கிரமே முடிந்தது.

2012இல் லீகுக்கு இரண்டாவது வைல்ட் கார்டு வந்தது, இப்போது மூன்று. அதிக ஊர்களில் அக்டோபர்வரை ஆசை நீடிக்கிறது, டிக்கெட் விற்கிறது, புரிகிறது. ஆனால் இரண்டு இடம் என்ற கணக்கு 2011லேயே இருந்திருந்தால், பாஸ்டன், டாம்பா, அட்லாண்டா, செயின்ட் லூயிஸ் நான்குமே அன்றைக்கு முன்பே தேறியிருக்கும். கார்பென்டரையும் கிம்ப்ரெலையும் அடுத்த ஆட்டத்துக்காக உட்கார வைத்திருப்பார்கள்.