வாத்தியார் கேட்ட கட்டுரை

இங்கிலீஷ் உபாத்தியாயராக இருக்கும் நண்பர் ஒருவர், பதினாலு வயசுப் பிள்ளைகள் தாமாகவே விரும்பிப் படிக்கும்படி இங்கிலீஷில் ஒரு நாவல் சொல்லுங்கள் என்று கேட்டார். எஸ். இ. ஹிண்டன் எழுதிய 'தி அவுட்ஸைடர்ஸ்' என்றேன். முகத்தைச் சுளித்தார். "ஒரே அடிதடியும் கொச்சையுமாக அல்லவா இருக்கிறது?" என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. 1967-ல் வெளிவந்த இந்த நாவலை ஹிண்டன் பள்ளி மாணவியாக இருந்தபோது, பெரும்பகுதியும் பதினாறாவது வயசில் எழுதினார். அமெரிக்க ஊர் ஒன்றில் ஏழைப் பையன்கள் கூட்டமும் பணக்காரப் பையன்கள் கூட்டமும் மோதிக்கொள்கின்றன, மூன்று சாவுகள். கண்ணீர் சற்று அதிகம்தான். கை பழகிய நாவலாசிரியன் பாதியை அடித்திருப்பான்.

ஆனால் பாஷை கற்கிறவனுக்கு முதலில் வேண்டியது ஒரு குரல். எங்கள் காலத்தில் நான்-டீடெயில் என்று டிக்கன்ஸின் சுருக்கம் ஒன்றை வைத்திருந்தார்கள். கடினமான வார்த்தைகளை எடுத்தவர்கள் கூடவே டிக்கன்ஸையும் எடுத்துவிட்டார்கள். கதை மிஞ்சியது, சொல்கிற ஆள் இல்லை. நோட்ஸைப் படித்துப் பாஸ் செய்தோம். புஸ்தகத்தை யாரும் திறக்கவில்லை.

சொற்களை அளந்து கொடுப்பது தப்பென்று நான் சொல்லவரவில்லை. மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட பட்டியலில் உள்ள சுமார் 2000 சொற்கள் தெரிந்தால், சாதாரண எழுத்தில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். ஆனால், அடுத்த பக்கத்தைப் புரட்டும் ஆசையைப் பட்டியல் தராது.

ஹிண்டனின் கதாநாயகன் போனிபாய்க்கு வயசு பதினாலு. தன் கதையைத் தானே, சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்கிறான். யாரும் சுருக்கித் தர வேண்டியதில்லை. ஒரு கொச்சை வார்த்தை புரியாமல் போனாலும், அடுத்து என்ன ஆயிற்றோ என்ற தவிப்பு அகராதியைத் தேடவிடாமல் இழுத்துக்கொண்டு போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது முடிவு. இங்கிலீஷ் பாடத்தில் தேறுவதற்காக ஒரு கட்டுரை எழுதி வா என்கிறார் வாத்தியார். நாம் இதுவரை படித்த நாவல்தான் அந்தக் கட்டுரை! பசுவைப் பற்றி மனப்பாடம் பண்ணி எழுதிய எங்களுக்கு, மனசில் கனப்பதைச் சொல்லவும் இங்கிலீஷ் உதவும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நண்பர் அரைமனசோடு புஸ்தகத்தை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போய் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: "இதிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி போட்டுவிடாதீர்கள்."