எழுவாய் எங்கே?

ஓர் இலக்கியப் படைப்பு யாருக்காகக் கண்ணீர் வடிக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் அதன் தரத்தை நிர்ணயித்துவிட முடியாது. அக்கண்ணீர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். பிறர் வீட்டு வேலைக்கு விடப்படும் பிள்ளைகளைப் பற்றி நம்மவர் எழுதியவற்றை இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அளக்கப்படும் எழுத்தில் என்னுடையதும் ஒன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பலகாமத்து வயல்வெளிகளைக் கடந்து கிண்ணியா வழியாகச் சென்றால் மூதூர் வெகு தொலைவன்று. அவ்வூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 மே மாதம் பணிப்பெண்ணாகச் சவுதி அரேபியா சென்றாள். கடற்கோள் அக்கரையைச் சூறையாடி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. விறகு வெட்டிப் பிழைக்கும் குடும்பம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்படி அவள் பிறந்தது 1988 பெப்ரவரியில்; கடவுச்சீட்டிலோ 1982 என்றிருந்தது. பதினேழு வயதுச் சிறுமி ஒரே எழுத்தில் இருபத்துமூன்று வயதுப் பெண்ணானாள். வீட்டு வேலைக்கென்று சென்றவளிடம் நான்கு மாதக் குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களில் அக்குழந்தை இறந்தது. பால் புரையேறி இறந்ததென்று அவள் சொன்னாள். கொலை என்றது வழக்கு. விசாரணையின் தொடக்கத்தில் அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. அவள் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்கு அதற்குத் தக்க மொழியறிவு இருந்ததா என்ற ஐயத்தை மனித உரிமை அமைப்புகள் எழுப்பின. 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது.

நானும் 1988 இல் பிறந்தவன். அச்செய்தி வந்த வாரத்தில் இரங்கற் கூட்டமொன்றில் நான் ஒரு கவிதை வாசித்தேன். கைதட்டல் கிடைத்தது. அந்தக் கவிதையை அண்மையில் எடுத்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அதில் சிறகொடிந்த பறவை இருந்தது. கருகிய மொட்டு இருந்தது. பாலைவனத்து மணலும் வாளும் இருந்தன. ஒரு தாயின் கண்ணீரும் இருந்தது. பிறந்த ஆண்டை மாற்றி எழுதிய கை மட்டும் அதில் இல்லை. அக்காலத்தில் என் கண்ணிற்பட்ட கவிதைகள் பலவும் இவ்வாறே இருந்தன. சில சவுதிச் சட்டத்தைச் சபித்தன. சில விதியை நொந்தன. சில கடவுளிடம் முறையிட்டன. மூதூருக்கும் அந்நகருக்கும் இடையிலே ஒரு நீண்ட பாதை உண்டு, அதில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் நின்று பணம் வாங்கினார் என்ற உண்மையை அவை தொடவில்லை.

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இதை இலக்கணத்தின் வழியே சொல்ல விரும்புகிறேன். அக்கவிதைகளின் வினைச்சொற்களை எடுத்துப் பாருங்கள். அனுப்பப்பட்டாள், வதைக்கப்பட்டாள், பலியிடப்பட்டாள் — எல்லாம் செயப்பாட்டு வினை. செயலுக்கு ஆளானவள் இருக்கிறாள், செய்தவன் இல்லை. செயப்பாட்டு வினையில் செய்தவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். இலக்கணத்தில் அது ஒரு வசதி. சமுதாயத்தில் அது ஒரு தப்பும் வழி.

வியப்பென்னவென்றால், கவிதை மறைத்த எழுவாயைச் சட்டம் தேடியிருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பலெர்மோ நெறிமுறை ஆட்கடத்தலை ஐந்து செயல்களால் வரையறுக்கிறது: ஆட்சேர்த்தல், கொண்டுசெல்லல், கைமாற்றல், தங்கவைத்தல், பெற்றுக்கொள்ளல். இவை யாவும் சுரண்டும் நோக்கத்தோடு செய்யப்படுமிடத்துக் குற்றம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையானால் ஏமாற்றோ பலாத்காரமோ இருந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை. பிள்ளை சம்மதித்தது என்ற வாதமும் செல்லாது. ஐந்து செயல்கள், ஐந்துக்கும் செய்பவர் உண்டு. நம் நாட்டிலும் 2006 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு ஆட்கடத்தலுக்கு இருபதாண்டு வரை சிறை விதிக்க வழி செய்யப்பட்டது. 2015 இல் இலங்கை அந்நெறிமுறையை ஏற்று உறுதிப்படுத்தியது.

“இலக்கியம் சட்டப் புத்தகமா? தரகனின் பெயரைப் பட்டியலிடுவதுதான் கவிஞனின் வேலையா?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல ருஷ்ய எழுத்தாளர் அன்டன் செக்கோவை அழைக்கிறேன்.

1886 இல் அவர் எழுதிய ‘வான்கா’ என்ற சிறுகதையை நம்மிற் பலர் அறிவோம். மாஸ்கோவில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியிடம் வேலை பழக விடப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன், கிறிஸ்துமஸ் இரவில் தன்னை மீட்டுச் செல்லும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உறையின்மேல் ஊரின் பெயரில்லை. கடிதம் போய்ச் சேராது. இதைப் படித்துக் கலங்காதார் இலர். ஆனால் கலக்கத்தில் நாம் கவனியாது விடுவது ஒன்றுண்டு. தாய் இறந்தபின் வான்கா சென்றடைந்த இடம் அந்தத் தாத்தாவின் சமையற்கட்டு. மாஸ்கோவுக்குப் புறப்பட்டதும் அங்கிருந்தே. எந்த வாசலிலிருந்து வெளியேறினானோ அந்த வாசலுக்கே மீட்பு வேண்டி எழுதுகிறான். செக்கோவ் தாத்தாவைத் திட்டவில்லை, மறைக்கவுமில்லை. சங்கிலியின் முதற்கண்ணியைப் போகிற போக்கில் காட்டிவிட்டு நகர்கிறார்.

ஈராண்டுகள் கழித்து எழுதிய மற்றொரு கதையில் பதின்மூன்று வயது வார்க்கா குழந்தை பார்க்கும் வேலைக்காரி. இரவெல்லாம் தொட்டிலாட்ட வேண்டும். விடிந்தால் அடுப்பு மூட்ட வேண்டும், தேநீர்க்கலம் வைக்க வேண்டும், படி கழுவ வேண்டும், கிழங்கு உரிக்க வேண்டும், விருந்தாளிகளுக்காகக் கடைக்கு ஓட வேண்டும். இரவில் மீண்டும் தொட்டில். தூக்கமின்மையால் அறிவு மயங்கி இறுதியில் அவள் அக்குழந்தையைக் கொன்றுவிட்டு உறங்கிப்போகிறாள். ரிசானாவின் வழக்கோடு இதை ஒப்பிடுவதாக எவரும் கொள்ளலாகாது. அவள் கொன்றாள் என்று சொல்ல நான் இக்கதையை எடுக்கவில்லை. செக்கோவின் முறையை மட்டுமே காட்டுகிறேன். அவர் எஜமானியை அரக்கியாக்கவில்லை. ஏவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார், அவ்வளவுதான். அந்த அடுக்கே குற்றப்பத்திரமாகிவிடுகிறது. ஒவ்வோர் ஏவலுக்கும் பின்னால் ஏவியவர் நிற்கிறார். நீதிமன்றம் கையைப் பார்க்கும். கலைஞன் அக்கை உழைத்த மணிநேரத்தைப் பார்க்கிறான். இதுவே யதார்த்தவாதத்தின் வலிமை. எழுவாயைச் சொல்வதற்கு முழக்கம் தேவையில்லை; பார்வை தெளிவாக இருந்தாற் போதும்.

தமிழில் இந்தப் பார்வை அறவே இல்லையென்று சொல்வது நன்றிகெட்டதனமாகும். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் ‘கூட்டுக் குஞ்சுகள்’ எழுதினார். சிவசங்கரியின் கதையைத் தழுவி ஜானகி விஸ்வநாதன் 2001 இல் இயக்கிய ‘குட்டி’ திரைப்படமும் குறிப்பிடத்தக்கது. கிராமத்துச் சிறுமி சென்னையில் நல்லதொரு குடும்பத்தில் வேலைக்கு அமர்கிறாள். மாமியார் வந்தபின் துன்பம் தொடங்குகிறது. ஊர் திரும்ப வழி தேடுகையில் வஞ்சகன் கையில் அகப்படுகிறாள். வீட்டு வேலைக்கும் பெருங்கடத்தலுக்கும் இடையில் மதிற்சுவர் ஏதுமில்லை, இரண்டும் ஒரே பாதையின் இரு கட்டங்களே என்று முடிவு உணர்த்துகிறது. இது அப்படத்தின் சிறப்பு. எனினும் நல்ல எஜமானி, பொல்லாத மாமியார் என்ற பாகுபாடு நமக்கு ஓர் ஆறுதலைத் தந்துவிடுகிறது. மாமியார் வராதிருந்தால் அந்தப் பிள்ளை அங்கேயே பாத்திரம் துலக்கியிருக்கலாமா? “எங்கள் வீட்டில் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம்” என்று சொல்லும் படித்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! பிள்ளை மாதிரி என்றால் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்க வேண்டுமே!

இதே அளவுகோலால் நம் நாட்டின் முயற்சிகளையும் அளக்கலாம். சிறுவர் உரிமைச் சாசனத்தை 1991 இல் ஏற்றோம். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பிறந்தது. 1929 என்ற இலக்கத்தில் முறையிடவும் வழியுண்டு. 2016 இல் கட்டாயக் கல்வியின் எல்லையும், 2021 தொடக்கத்தில் வேலைக்கமர்த்தும் குறைந்த வயதும் பதினாறாக உயர்ந்தன. இவை சிறு வெற்றிகளல்ல. பலர் போராடிப் பெற்றவை. ஆயினும் ரிசானாவின் மரணத்துக்குப் பின் அரசு செய்தது என்ன? சவுதிக்குச் செல்லும் பணிப்பெண்களின் குறைந்த வயதை இருபத்தைந்தாக உயர்த்தியது. பொய் எழுதத் துணிந்த தரகனுக்குப் பதினெட்டென்றால் என்ன, இருபத்தைந்தென்றால் என்ன? தடையின் பாரம் பிழைப்புத் தேடும் பெண்ணின் தலையில் விழுந்தது. பத்திரத்தைப் பொய்யாக்கிய குற்றத்துக்காக முகவர் இருவருக்குக் கிடைத்ததோ இரண்டாண்டுச் சிறை.

2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துப் பதினாறு வயதுச் சிறுமி கொழும்பில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவள், தீக்காயங்களோடு மருத்துவமனையில் மாண்டாள். குறைந்த வயதை உயர்த்திய சட்டத்தின் மை உலராத காலம் அது. அப்போதும் கவிதைகள் வந்தன. பறவையும் மொட்டும் மெழுகுவர்த்தியும் மீண்டும் வந்தன. தோட்டத்து லயத்துக்கும் கொழும்பு மாளிகைக்கும் இடையிலுள்ள பாதையில் நாட்கூலியும் கடனும் தரகும் எப்படி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்பதை அவற்றுள் எத்தனை சொல்லின?

பிறரைக் கேட்டது போதும். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டாம் தவணையில் வராமற் போனாள். ஒன்பதாந் தரம், வயது பதினான்கு. விசாரித்தேன். “கொழும்பிலே நல்ல இடம் சேர்” என்றார்கள் பிள்ளைகள். வரவு இடாப்பில் சில வாரங்கள் அவள் பெயருக்கு நேரே சுழியமிட்டேன். பின்னர் சிவப்பு மையால் கோடிழுத்து, ‘பெயர் நீக்கப்பட்டது’ என்று எழுதினேன். செயப்பாட்டு வினை! நீக்கியவன் நான். அவள் வீட்டுக்கு நான் போகவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லவில்லை. அந்த நான்கு இலக்கங்களையும் நான் அழுத்தவில்லை. சட்டம் கூறும் ஐந்து செயல்களில் எதையும் நான் செய்யவில்லைதான். ஆனால் ஆறாவது ஒன்று உண்டென்று இப்போது தோன்றுகிறது: பார்த்துக்கொண்டு பேசாதிருத்தல்.

ஆசிரியத் தோழர்களே, ஒரு பிள்ளை மறைவதை அரசாங்கத்துக்கு முன்பே அறிபவர் நாம். நம் மேசை மேலுள்ள இடாப்பில் அதன் உண்மையான பிறந்த திகதி இருக்கிறது. பத்திரத்தில் பொய் எழுதுவோனுக்கு எதிராக இந்நாட்டிலுள்ள சாட்சிகளில் அதுவும் ஒன்று. வெற்றிடம் விழுந்த முதல் வாரத்திலேயே அவ்வீட்டுக்குப் போவோம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வோம். அவ்வீட்டின் வறுமையைக் கண்டு திரும்பும்போது, அவ்வறுமைக்கும் எழுவாய் யாரென்று கேட்போம்.

மாணவ நண்பர்களே, எழுதுங்கள். அழுதே எழுதுங்கள், கண்ணீர் குற்றமன்று. ஆனால் எழுதி முடித்தபின் வினைச்சொற்களின் கீழ்க் கோடிட்டுப் பாருங்கள். ‘அனுப்பப்பட்டாள்’ என்று இருந்தால், அனுப்பியவர் யார், ஏற்றிச் சென்றவர் யார், பெற்றுக்கொண்டவர் யார், இவற்றால் இலாபமடைந்தவர் யார் என்று கேளுங்கள். விடை தெரிந்தபின் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள். என் பழைய கவிதையை நானும் அவ்வாறே திருத்தத் தொடங்கியிருக்கிறேன். பறவையை நீக்கிவிட்டேன், அந்த இடத்தில் ஒரு மேசையும், மேசையில் ஒரு பத்திரமும், பத்திரத்தின் மேல் பேனா பிடித்த ஒரு கையும் வந்திருக்கின்றன. கைதட்டல் கிடைக்குமா என்று தெரியாது.