ராசா சாயாங் இந்திக்குப் போன கதை

ஷம்மி கபூர் நடித்து, சக்தி சாமந்தா இயக்கிய 'சிங்கப்பூர்' 1960இல் வந்தது. படத்துக்கு ஊரின் பெயரே தலைப்பு. ரப்பர் தோட்டம், புதையல் வரைபடம், காணாமற்போன நண்பன் என்று போகும் கதைக்காக இன்று யாரும் அதைத் தேடிப் பார்க்கப் போவதில்லை. ஷம்மியின் துள்ளலும் சங்கர் ஜெய்கிஷனின் இசையும்தான் படத்தைத் தாங்குகின்றன. நாயகி, நம் பத்மினி. முந்தைய ஆண்டுதான் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் வெள்ளையம்மாளாக வந்திருந்தார்.

இங்குள்ளவர்கள் படத்தை மறக்காததற்குக் காரணம் 'ராசா சாயாங்'. அந்த மலாய் நாட்டுப்பாடலின் பல்லவியை எடுத்து இந்தி வரிகளோடு கோத்தார்கள். ஒட்டுப்போட்டது தெரியாததற்கு, பாடலின் அமைப்பே காரணம் என்பேன். பல்லவி மாறாது, நடுவே வரும் நான்கடிப் பாந்துனை அவரவர் விருப்பப்படி கட்டிப் பாடலாம். நம் தெம்மாங்கில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பது போலத்தான். சரணத்துக்கு இடம் விட்டே பிறந்த பாட்டில் இந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைப் பம்பாய் இங்கிருந்து வாங்கியதாக மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். சிங்கப்பூரில் எடுத்த முதல் மலாய்ப் படமாகச் சொல்லப்படும் 'லைலா மஜ்னுன்' (1934) பி. எஸ். ராஜ்ஹான்ஸ் இயக்கியது. போருக்குப் பின் பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய ஸ்டூடியோவிலும் இயக்குநர் நாற்காலியில் பெரும்பாலும் இந்தியர்களே. மலாய்த் திரையின் நடிகரும் இசையமைப்பாளருமான பி. ராம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) எல். கிருஷ்ணனின் படம். சைகலை வைத்து 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுத்த பணி மஜும்தார் இங்கு வந்து 'ஹங் துவா'வை (1956) இயக்கினார். அதன் இசைக்காக ராம்லி ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு வாங்கினார். காதலுக்கு ஒரு பாட்டு, பிரிவுக்கு ஒரு பாட்டு என்ற நம் படங்களின் கட்டுமானம் மலாய்த் திரைக்கு இவர்கள் வழியே வந்தது. ராம்லியின் மெட்டுகளில் இந்தியச் சாயல் தட்டுவது இதனால்தான். சங்கர் ஜெய்கிஷன் வந்தபோது, இங்குள்ள காதுகள் ஏற்கெனவே பழகியிருந்தன.

பின்னால் சிங்கப்பூரில் எடுத்த தமிழ்ப் படங்களும் வந்தன: இளையராஜாவின் 'ப்ரியா' (1978), எம்.எஸ்.வி.யின் 'நினைத்தாலே இனிக்கும்' (1979). பாட்டுகள் காலத்தைக் கடந்து நிற்கின்றன. ஆனால் இவ்வூர்க் கலைஞர் ஒருவருக்கு முக்கிய வேடம் கொடுத்த வகையில், அந்தப் பழைய இந்திப் படத்தையே நான் உயர்த்திச் சொல்வேன்.

அந்தக் கலைஞர் மரியா மெனாடோ. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இருந்த கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோவின் நட்சத்திரம், பி. என். ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' (1957) பேய்ப்படத்தால் புகழ்பெற்றவர். கேத்தே-கெரிஸின் எஞ்சிய மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆனால் 'பொந்தியானா'க்கின் பிரதி கிடைக்கவில்லை. மரியாவின் இளமை நடிப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஷம்மி கபூர் படத்தையும் தேடிப் பார்க்கட்டும்.